கேட்டுவிட்டுத் தொடுகிறவள்

அராந்தியா நினைவு மருத்துவமனைக்கு நான் போனது பேய் பார்க்க அல்ல, பெயின்ட் அடிக்க. ஒரே ட்ரைசைக்கிள். மோட்டார் சைக்கிளோடு ஒட்டிய பக்கப் பெட்டிக்குள் என் அக்கா மெனாங், புண் காலை வெளியே நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவள் மடியில் தங்க நிறப் பெயின்ட் டப்பா, தூரிகைகள், டர்பன்டைன் புட்டி. கூரைமேல் என் ஏணி. அக்காவை வார்டில் சேர்த்துவிட்டு, அப்படியே முன்கூடத்துச் சுவரில் எழுத்து வேலையையும் முடித்துவிடலாம் என்பது என் கணக்கு.

"கால் போனாலும் போகட்டும், பெயின்ட் சிந்தக் கூடாது. அதானே உன் கவலை?" என்றாள் அக்கா.

"கால் உன்னோடது. பெயின்ட் டாக்டரோடது" என்றேன்.

சிரித்தாள். மீன் சந்தையில் வாழ்நாளெல்லாம் நின்றே விற்றவள். சர்க்கரை வியாதிக்காரி. தூண்டில் முள் குத்திய புண் கால் கட்டைவிரலில் ஆறாமல் கறுத்துப்போயிருந்தது. கட்டுப் போட்டு, ஊசி போட்டு அனுப்பிவிடுவார்கள் என்றுதான் இருவரும் நினைத்தோம்.

மருத்துவமனை, டாக்டரின் அப்பா காலத்தில் கொப்பரைக் கிடங்காக இருந்த கட்டடம். எத்தனை லிட்டர் பினாயில் ஊற்றினாலும் மழை வந்தால் சுவரிலிருந்து பழைய கொப்பரையின் சிக்கு வாடை இறங்கும். முன்கூடத்தில் ஒரு பக்கம் குழந்தை யேசு சிலை. எதிரே அதைவிட மூன்று மடங்கு பெரிதாக டாக்டர் ஃபுல்ஹென்சியோ அராந்தியாவின் படம். உள்ளே வருகிறவர்கள் எந்தப் பக்கம் திரும்பிச் சிலுவை போடுவது என்று ஒரு கணம் தடுமாறுவார்கள்.

மணிலாவிலிருந்து ஆய்வுக் குழு வரப்போகிறது. அதற்காகத்தான் சுவரில் நோயாளிகளின் உரிமைகள், ஐந்து வரிகளில். மூன்றாவது வரி இது: உங்களுக்கு விளக்காமல், உங்கள் சம்மதம் இல்லாமல், உங்கள் உடம்பில் கை வைக்க மாட்டோம்.

"சம்மதம்கிற வார்த்தைக்கு மட்டும் கறுப்புல நிழல் குடு எஸ்தோங். தூரத்துலேர்ந்து பார்த்தாலும் தெரியணும்" என்றார் டாக்டர்.

"கிட்ட வந்து பார்த்தா, டாக்?"

"கிட்ட யாரும் வர மாட்டாங்க."

இந்த மனிதருக்கு உத்தரவு கேட்கத் தெரியாது என்று யாரும் சொல்லிவிட முடியாது. புதிய வார்டு கட்டும்போது பின்முற்றத்தில் ஒரு கறையான் புற்று குறுக்கே இருந்தது. எங்கள் ஊரில் புற்றுக்குள் கண்ணுக்குத் தெரியாத கிழவர் ஒருவர் இருப்பார். அந்தப் பக்கம் ஒன்றுக்குப் போவதானாலும் "தள்ளி நில்லுங்க சாமி, ஏழை போறேன்" என்று கேட்டுவிட்டுத்தான் போவோம். டாக்டர் சேவல் அறுத்து, சாராயம் வைத்து, முழங்காலிட்டு, எந்த மூலையில் அஸ்திவாரம் எடுக்கப்போகிறோம், எவ்வளவு ஆழம், எத்தனை தூண் என்று புற்றுக்கு ஒவ்வொன்றாக எடுத்துச் சொல்லி உத்தரவு வாங்கினார். ஊரே பார்த்தது. புற்றுக்கு அத்தனை விளக்கம் கிடைத்தது.

கட்டிலில் கிடக்கும் மனிதர்களுக்குக் கிடைத்ததெல்லாம் வேறு. "டாக், எதுக்கு இந்த ஊசி?" "சரி சரி, ஆச்சு ஆச்சு." "டாக், கத்தி வைக்கணுமா?" "சரி சரி, ஆச்சு ஆச்சு." அவ்வளவுதான். பாதிக் கேள்வியில் அவர் அடுத்த கட்டிலுக்குப் போயிருப்பார்.

சாயங்காலம் நான்கு வரிகள் காய்ந்தன. மூன்றாவது காயவில்லை. ஈரக் காற்று என்று நினைத்துக்கொண்டேன். மறுநாளும் விரலில் ஒட்டியது. அதே டப்பா, அதே தூரிகை, அதே சுவர்.

பெண்கள் வார்டில் தலைமை நர்ஸ் புரிங், அக்காவுக்கு இஞ்சிக் கஞ்சி வந்த நேரத்தில் என்னைத் தாழ்வாரத்துக்கு இழுத்தாள். ஐம்பது தாண்டியவள். மருத்துவமனை திறந்த நாளிலிருந்து இருப்பவள்.

"உங்க அக்காகிட்ட வெறுங்காலோட யாராச்சும் நர்ஸ் வந்து பேசினா என்கிட்ட சொல்லுங்க."

"யாரு?"

"தெரியாது. கட்டில் ஓரத்துல உக்காருவாளாம். என்ன நோவு, எங்க அறுப்பாங்க, எது தப்பா போகலாம், அறுக்காம வேற வழி உண்டா, எல்லாம் சொல்லுவாளாம். கேட்டதுக்கெல்லாம் பதில் சொல்லுவாளாம். கடைசியா, வேணாம்னும் சொல்லலாம்பாளாம்."

"நல்ல நர்ஸா இருக்காளே."

"அதான் சந்தேகம்" என்றாள் புரிங், முகத்தில் சிரிப்பே இல்லாமல். "உக்காந்து, பொறுமையா, எல்லாத்தையும் சொல்லி, அப்புறம் உத்தரவு கேக்குறாளாம். எங்க ஆஸ்பத்திரியில அப்படி ஒருத்தி உயிரோட இருக்க முடியுமா அண்ணே?"

யோசித்துப் பார்த்தேன். மறுக்க முடியவில்லை. உலகத்தில் மற்ற ஆஸ்பத்திரிகளில் தலையில்லாமல் வந்தால் பேய், சுவரைக் கடந்து போனால் பேய். இங்கே, விதிப்படி நடந்துகொண்டால் பேய்.

குடலிறக்கக்காரர் ஒருவர், கத்தி வைக்கும் காலையில் செருப்பை மாட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார். பித்தப்பைக்காரி ஒருத்தி, தன் கல்லுக்கு அவசரமே இல்லையாமே என்று டாக்டரிடமே கேட்டுவிட்டாள். டாக்டர் பாதிரியாரை வரவழைத்துத் தீர்த்தம் தெளித்தார். வாசலில் உப்புத் தூவினார். எதற்கும் இருக்கட்டும் என்று ஒரு சுற்றறிக்கையும் ஒட்டினார்: முன் அனுமதி இல்லாமல் ஊழியர் எவரும் நோயாளிகளுக்கு எதையும் விளக்கக் கூடாது. ஒட்ட இடம் தேடி, என் மூன்றாவது வரிக்கு நேர் கீழே ஒட்டினார்கள்.

புயல் வந்த அன்று காலை டாக்டர் என்னை ஏணியிலிருந்து கூப்பிட்டார். முந்தின சாயங்காலமே வந்திறங்கியிருந்த ஆய்வுக் குழு மேல்மாடியில் பலகாரம் சாப்பிட்டுக்கொண்டிருந்தது.

"உன் அக்கா காலை இன்னிக்கு எடுக்குறோம். முழங்காலுக்குக் கீழ."

கையிலிருந்த தூரிகை சொட்டியது. "கட்டைவிரல்ல புண்ணு, டாக்."

"விரலை எடுத்தா அப்புறம் தினம் கட்டு, தினம் மருந்து. யார் பார்க்கிறது? இப்படி எடுத்துட்டா சுத்தமா முடிஞ்சுது. அவகிட்ட சொல்லாதே. பயந்தா ரத்த அழுத்தம் ஏறும். புண்ணைக் கழுவப் போறாங்கன்னு சொல்லி வை."

"அவ கால் டாக். அவகிட்ட கேக்க வேணாமா?"

"அவளுக்கு என்ன தெரியும்? மீன் விக்கிறவ."

"எந்தக் காலுல நின்னு விக்கிறான்னு அவளுக்குத் தெரியும்."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். சுவர் பேசினால் எப்படிப் பார்ப்பாரோ அப்படி. "சரி சரி, ஆச்சு ஆச்சு" என்று சொல்லிப் போய்விட்டார்.

தூரிகையைக் கழுவக்கூட இல்லை, வார்டுக்கு ஓடினேன். என்னைவிட உத்தரவு வேகமாகப் போயிருந்தது. அக்காவுக்குத் தூக்க ஊசி போட்டாகிவிட்டது. வாயைத் திறந்து குறட்டை விட்டுக்கொண்டிருந்தாள். போர்வைக்கு வெளியே கிடந்த வலது கையின் கட்டைவிரல் ஊதாவாக இருந்தது.

சம்மதம் வாங்கிவிட்டார்கள்.

தூங்குகிறவளின் விரலை மையில் தொட்டு, காகிதத்தில் அழுத்தி, கையைப் பழையபடி படுக்கையில் போட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். துடைத்துவிடக்கூட யாருக்கும் தோன்றவில்லை. துணியில் டர்பன்டைன் நனைத்து அந்த விரலைத் தேய்த்தேன். மை போகவில்லை, தோல்தான் சிவந்தது.

"வண்டி பிடிச்சு லுசேனா பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போறேன்" என்று புரிங்கிடம் கத்தினேன்.

"பாலத்து மேல தண்ணி ஓடுது அண்ணே. சாப்பாட்டுக்கு அப்புறம் ஆபரேஷன் தியேட்டர்னு போட்டிருக்கு" என்றாள், என் கண்ணைப் பார்க்காமல்.

நடுப்பகலிலேயே இருட்டிவிட்டது. எங்கள் பக்கத்துப் புயல்கள் அப்படித்தான், பகலை யாரிடமும் கேட்காமல் எடுத்துக்கொள்ளும். மின்சாரம் போனது. ஜெனரேட்டர் இருமி இருமி மேல்மாடிக்கும் தியேட்டருக்கும் மட்டும் வெளிச்சம் கொடுத்தது. வார்டில் ஜன்னல் பலகைகள் அடித்துக்கொண்டன. ஒரு பலகை பிய்ந்து போய், சாரல் நேராக உள்ளே வந்தது. அக்காவின் கட்டிலைச் சுவரோரம் தள்ளிவிட்டு, துணைக்கு இருப்பவர்கள் எல்லாரும் படுக்கும் இடத்தில், கட்டிலுக்கு அடியில், பாயை விரித்துப் படுத்தேன். கொண்டு போக வருகிறவன் முதலில் என்னை மிதிக்கட்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

மழை. ஜெனரேட்டர் இருமல். மேலே அக்காவின் குறட்டை.

பிறகு ஒரு வாசனை வந்தது. பினாயில் இல்லை, கொப்பரை இல்லை. கொய்யா இலை. பிள்ளை பெற்றவளைக் குளிப்பாட்ட வீட்டுக்கு வீடு காய்ச்சுவார்களே, அந்தக் கொதித்த கொய்யா இலைத் தண்ணீரின் துவர்ப்பு மணம். புயலில், அடுப்பே எரியாத கட்டடத்தில்.

கதவு திறந்த சத்தம் கேட்கவில்லை.

தரையோடு தரையாகக் கிடந்த எனக்கு இரண்டு பாதங்கள் மட்டும் தெரிந்தன.

வெறுங்கால்கள். மெழுகு நிறம். கணுக்காலுக்கு மேலே ஆஸ்பத்திரி அங்கியின் ஓரம், ஒரு பக்கம் கறுத்து நனைந்திருந்தது. மழையில் நனைந்தால் அப்படிக் கறுக்காது.

பாதங்கள் கட்டிலுக்குப் பக்கத்தில் வந்து நின்றன. "அக்கா, எழுப்பலாமா?" என்றது ஒரு குரல். மெல்லிய, மரியாதையான, நம் ஊர்க் குரல்.

குறட்டை நின்றது. "ம்" என்றாள் அக்கா.

"உக்காரலாமா?"

"உக்காரு தாயி."

என் மூக்குக்கு மேல் கட்டிலின் கம்பி வலை இறங்கியது. யாரோ உட்கார்ந்தால் இறங்குவது போலத்தான் இறங்கியது.

பிறகு அவள் சொன்னாள். அவசரமே இல்லாமல். விரலில் என்ன ஆகியிருக்கிறது, எதுவரை அழுகியிருக்கிறது, எதுவரை இல்லை. இன்று எதை வெட்டப்போகிறார்கள். வெட்டினால் என்ன ஆகலாம், வெட்டாவிட்டால் என்ன ஆகலாம். லுசேனாவில் காட்டினால் ஒரு விரலோ இரண்டோ போய், மிச்சம் தப்பிக்கலாம், தப்பிக்காமலும் போகலாம். ஒன்றையும் மறைக்கவில்லை, ஒன்றையும் பெரிதாக்கவும் இல்லை.

"எந்திரிச்சா கால் இருக்காதா?" என்றாள் அக்கா. "கழுவறாங்கன்னுல்ல நினைச்சேன்?"

"இருக்காது அக்கா."

"என்கிட்ட ஏன் யாரும் சொல்லல?"

கறுத்த அங்கி ஓரத்திலிருந்து ஒரு சொட்டு தரையில் விழுந்தது.

"வேணாம்னும் சொல்லலாம்" என்றது குரல் கடைசியில். "யோசிச்சும் சொல்லலாம்."

"யோசிக்கணும்" என்றாள் அக்கா. "என் கால். நான் யோசிக்கணும்."

"சரி அக்கா."

வலை மேலே ஏறியது. பாதங்கள் திரும்பின. இரண்டடி போயின.

நின்றன.

என் பக்கம் திரும்பின.

முழங்கால்கள் மடிவது தெரிந்தது. ஈரமான நீளக் கூந்தலின் நுனி இறங்கி வந்து தரையைத் தொட்டது. இன்னும் கொஞ்சம் குனிந்தால் முகம் தெரியும்.



"அண்ணே," என்றது குரல், என் காதுக்கு மிக அருகில், "அடியில எட்டிப் பார்க்கலாமா?"

ஐம்பத்து மூன்று வயதில் குழந்தை போல நடுங்கிக்கொண்டு சொன்னேன்: "வேணாம் தாயி."

கூந்தல் அசையாமல் தொங்கியது.

"சரி அண்ணே" என்றது. கூந்தல் மேலே ஏறிக்கொண்டது.

என் உடம்பில் எத்தனையோ டாக்டர்கள் கை வைத்திருக்கிறார்கள். வேண்டாம் என்று நான் சொன்னதை ஒருவர் கேட்டு நடந்தது அதுதான் முதல் தடவை.

அப்போது தாழ்வாரத்தில் டார்ச் வெளிச்சமும் பூட்ஸ் சத்தமும் வந்தன. டாக்டர். பின்னால் தள்ளுவண்டியோடு புரிங். அவளுக்குப் பின்னால் ஆய்வுக் குழுவின் மூன்று பேர். மேல்மாடிக் கூரை ஒழுகியதால் நூடுல்ஸ் தட்டுகளோடு கீழே இறங்கிவிட்டார்கள். ஒரே ஒரு டார்ச்சை நம்பி அவர் பின்னாலேயே வந்தார்கள். டாக்டர் இந்த வாய்ப்பையும் விடவில்லை.

"இந்த நோயாளிக்கு எல்லா விளக்கமும் கொடுத்து, முழுச் சம்மதம் பெறப்பட்டிருக்கிறது" என்று மேடையில் பேசுகிறவர்களைப் போல நீட்டி முழக்கினார்.

"நான் இன்னும் யோசிச்சிட்டு இருக்கேன் டாக்டர்" என்றாள் அக்கா, கட்டிலிலிருந்து.

முள்கரண்டி ஒன்று தட்டில் விழுந்தது. நான் அடியிலிருந்து உருண்டு வெளியே வந்தேன்.

டாக்டர் டார்ச்சைத் திருப்பினார். வெளிச்சம் அக்காவின் முகத்தில் பட்டு, நழுவி, கட்டிலின் கால்மாட்டில் விழுந்தது. அங்கே ஒரு பெண் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். பின்பக்கம் நாடா கட்டிய அங்கி. முதுகெலும்பின் ஒவ்வொரு முடிச்சும் தெரிந்தது.

"ஓ, நீதானா அது!" என்றார் டாக்டர். "எந்த வார்டு நீ? யார் உன்னைப் பேசச் சொன்னது?"

அவள் திரும்பவில்லை. "டாக்டர், உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்."

"சீக்கிரம் சொல்லு."

"உங்க நாக்கை எடுத்துக்கப் போறேன். வலிக்காது. இருந்த இடத்துலயே இருக்கும், ஆனா அதுல நீங்க இருக்க மாட்டீங்க. அப்புறம் திரும்பக் கிடைக்காமப் போகலாம். வேற வழியும் இருக்கு. அன்னிக்கு என்னை என்ன செஞ்சீங்கன்னு இவங்க முன்னாடி நீங்களே சொன்னா, நான் எழுந்து போயிடறேன்."

புரிங் தள்ளுவண்டியைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்தாள். "வேணாம்னு சொல்லுங்க டாக்" என்று முனகினாள். "ஐயோ, வேணாம்னு சொல்லுங்க."

டாக்டர் காதில் வாங்கவில்லை. அவர் குழுவைப் பார்த்து அசட்டுப் புன்னகை செய்துகொண்டிருந்தார். நூடுல்ஸ் போதுமா என்று கையால் சைகை காட்டினார்.

"வேணாம்னும் சொல்லலாம் டாக்டர்" என்றாள் அவள், பொறுமையாக.

"சரி சரி, ஆச்சு ஆச்சு."

"புரிஞ்சுதா?"

"புரிஞ்சுதுன்னேனே! எடுத்துக்க, எடுத்துக்கிட்டு இடத்தைக் காலி பண்ணு."

"சரி டாக்டர்."

டார்ச் அணைந்தது.

இருட்டு. மழை. கொய்யா இலை மணம் மூச்சை அடைத்தது.

பிறகு, டாக்டர் நின்ற இடத்திலிருந்து, டாக்டருக்கு வாயிருக்கும் உயரத்திலிருந்து, அவள் குரல் வந்தது.

"டோராய்," என்றது, "உனக்கு இன்னிக்கு வயித்தைக் கிழிச்சுப் பிள்ளையை எடுக்கப் போறேன். பிள்ளை செத்துதான் வரும்."

டோராய். மாதா கோயில் வாசலில் அரிசிப் புட்டு விற்றவள். என் பக்கத்துத் தெரு. புதைத்த அன்று நானும் போயிருந்தேன்.

"வயிறு திறந்துதான் இருக்கு, கையோட கையா உன் கருக்குழாய் ரெண்டையும் கட்டிடுவேன். உன் நல்லதுக்குன்னு சொல்லிக்குவேன். உன்னை மாதிரி ஏழைங்களுக்கு எதுக்கு இன்னொண்ணுன்னு புரிங்கிட்ட சிரிச்சுக்கிட்டே சொல்லுவேன். உனக்குச் சொல்ல மாட்டேன். உன் புருஷனுக்கும் சொல்ல மாட்டேன்."

புரிங் தரையில் அழுதுகொண்டிருந்தாள். குரல் அவசரப்படவில்லை. அக்காவுக்குச் சொன்ன அதே நிதானம்.

"நீ வருஷா வருஷம் மே மாசம் ஒபாண்டோ கோயிலுக்குப் போய்ப் பிள்ளை வரம் கேட்டு ஆடுவே. வழியில என்னைப் பார்த்தா வணக்கம் சொல்லுவே. நானும் சொல்லுவேன். கடைசியில ஒரு நாள் ஒண்ணு தங்கும். கர்ப்பப்பையில இல்ல, நான் கட்டின குழாய்ல. வலிக்கும். நீ சந்தோஷப்படுவே. வலிச்சா பிள்ளை பலமா இருக்குன்னு தெருவெல்லாம் சொல்லிக்கிட்டுப் போவே."

சொன்னாள். எனக்கு நினைவிருக்கிறது. என் வாசலில் நின்று, இடுப்பைப் பிடித்துக்கொண்டு, முகமெல்லாம் வியர்வையாக, சிரித்துக்கொண்டே சொன்னாள். நானும் வாழ்த்தினேன்.

"குழாய் கட்டியிருக்குன்னு தெரிஞ்சிருந்தா அன்னிக்கே ஓடி வந்திருப்பே, பிழைச்சிருப்பே. உனக்குத் தெரியாது. ராத்திரி உள்ளேயே ரத்தம் கொட்டி, விடியறதுக்குள்ள செத்துடுவே. கையை வயித்து மேல வெச்சுக்கிட்டு."

ஜெனரேட்டர் நின்றுவிட்டது. மழைகூட ஒதுங்கி நின்று கேட்பது போலிருந்தது.

"இதெல்லாம் ஆகலாம்" என்றது டாக்டரின் வாய். "செய்யட்டுமா டோராய்?"



அந்தக் கேள்வி அவ்வளவு நாள் கழித்து, முதல் தடவையாக, அந்தக் கட்டடத்துக்குள் நின்றது.

கட்டிலின் கால்மாட்டிலிருந்து பதில் வந்தது.

"வேணாம் டாக்டர்."

யாரோ தீக்குச்சி கிழித்தார்கள். கால்மாட்டில் ஆள் இல்லை. போர்வையில் ஒரு குழிவு மட்டும் இருந்தது. நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது மெல்ல மெல்ல மேலே எழும்பிச் சமமானது. டாக்டர் கையில் அணைந்த டார்ச்சோடு நின்றார். வாய் திறந்து திறந்து மூடியது. கண்ணில் மட்டும் அவர் இருந்தார். நாக்கைத் தேடிக்கொண்டிருந்தார்.

பாலத்து மேல் தண்ணீர் வடிந்ததும் அக்காவை லுசேனாவுக்குக் கொண்டு போனேன். அங்கே ஒரு பெண் டாக்டர் அக்கா பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து விளக்கினாள். நான் முதலில் குனிந்து அவள் காலில் செருப்பு இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டேன். இரண்டு விரல்கள் போயின. அக்கா தானே தலையாட்டிக் கொடுத்த விரல்கள். இப்போது சந்தையில் கொஞ்சம் சாய்ந்து நின்று விற்கிறாள். "ரெண்டு விரல் கம்மி, அதனால எடையும் கம்மின்னு எவனாச்சும் சொன்னா மீனாலயே அடிப்பேன்" என்கிறாள்.

ஆய்வுக் குழு என்ன எழுதியது என்று தெரியாது. மருத்துவமனை மூடவில்லை. இந்த மாதிரி இடங்கள் மூடுவதில்லை, படத்தை மட்டும் மாற்றும். பெரிய டாக்டர் வீட்டில் இருக்கிறார். சூப்புக் கிண்ணத்துக்கு முன்னால் உட்கார்ந்து, கரண்டியை எப்படி இறக்கப்போகிறார், நாக்கு எப்படிச் சுடலாம் என்றெல்லாம் ஒரு பெண்ணின் குரலில் அதற்கு விளக்கி, உத்தரவு கேட்டுக் காத்திருக்கிறாராம். கிண்ணம் பதில் சொல்வதில்லை. ஆறிப்போகிறது. அவர் இளைத்துவிட்டார் என்கிறார்கள். புற்றுக்கிழவரிடமிருந்தாவது பதில் வந்ததா என்று நான் இதுவரை கேட்கவில்லை.

இப்போது நிர்வாகம் அவர் தம்பி மகன் கையில். சின்ன டாக்டர். நல்ல பற்கள். சென்ற மாதம் என்னை அழைத்தார்.

"அந்த மூணாவது வரியை அழிச்சிடணும் எஸ்தோங். ரொம்ப நீளமா இருக்கு. ஜனங்க நின்னு படிக்கிறாங்க."

"படிச்சா என்ன, டாக்?"

"படிச்சிட்டு வந்து கேள்வி கேக்குறாங்க."

மதியச் சாப்பாட்டு நேரம். முன்கூடம் காலி. வெளியே வெயில் கொளுத்தியது. வெள்ளைப் பெயின்டைக் கலக்கி, ஏணியில் ஏறி, பட்டைத் தூரிகையை நனைத்தேன்.

கொய்யா இலை.

பின்னால், நோயாளிகள் உட்காரும் மரப் பெஞ்சு முனகியது.

"அண்ணே," என்றது குரல், "அழிக்கறதுக்கு முன்னாடி என்ன ஆகலாம்னு சொல்லட்டுமா?"

நான் திரும்பவில்லை. "சொல்லு தாயி. ஒண்ணு விடாம சொல்லு."

சொன்னாள். என் வலது கைக்கு என்ன ஆகலாம், என் கண்ணுக்கு என்ன ஆகலாம், எது திரும்ப வரும், எது வராது, அழிக்காமல் இருக்க என்ன வழி. நான் நடுவில் இரண்டு சந்தேகம் கேட்டேன். இரண்டுக்கும் பதில் சொன்னாள்.

"வேணாம்னும் சொல்லலாம்" என்றாள்.

"வேணாம்" என்றேன்.

"சரி அண்ணே."

ஏணியிலிருந்து இறங்கித் தூரிகையைக் கழுவிக்கொண்டிருந்தேன். சின்ன டாக்டர் பல் குத்திக்கொண்டே வந்தார்.

"என்னய்யா, ஆரம்பிக்கவே இல்ல?"

"அந்த வரி இன்னும் காயல டாக். ஈரத்து மேல வெள்ளை நிக்காது."

"அடிச்சு எத்தனை காலமாச்சு! யார்கிட்ட கதை விடறே?"

"கையை வைக்காதீங்க டாக். முதல்ல ஒரு வார்த்தை கேட்டுட்டு..."

"யாரைக் கேக்கணும்? என் சுவரு" என்று சிரித்துக்கொண்டே, சம்மதம் என்ற வார்த்தையின் மேல் கட்டைவிரலை அழுத்தினார்.

விரல் பொன்னிறமாக வந்தது. சட்டையில் துடைத்தார், போகவில்லை. டர்பன்டைன் கேட்டார். புட்டியைக் கொடுத்தேன். தேய்த்தார், தேய்த்தார். சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக நின்றது.

எங்களுக்குப் பின்னால், பெஞ்சிலிருந்து யாரோ எழுந்திருக்கும் சத்தம் கேட்டது.